மில் மணிக்கும் ஊர் மணிக்கும் நடுவில் ஒரு சுரங்கம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சுரங்கம் போடப் போகிறேன் என்று நான் முதலில் சொன்னது எங்கள் மில்லின் கேட் வாட்ச்மேனிடம். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கடப்பாரை ஸ்டோரில் இருக்கும், கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள் என்றார். அவரிடம் சொன்னதற்குக் காரணம், வேறு யாரிடம் சொன்னாலும் எதிர்க் கேள்வி கேட்பார்கள் என்பதுதான். அன்றைக்கு என் நிலைமையில் கேள்வி என்பது ஆகாத சமாச்சாரம்.

தொண்ணூறுகளின் கடைசி. இன்டர்நெட் எங்கள் பக்கம் அப்போதுதான் எட்டிப் பார்த்திருந்தது. மோடம் டயல் பண்ணும்போது வரும் கீச்சுச் சத்தத்தைக் கேட்கவே பக்கத்து டிபார்ட்மென்ட் ஆட்கள் டீ கிளாசோடு வந்து நிற்பார்கள். நான் ஒரு நூல் மில்லில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் சரியான வார்த்தை. பாதி நேரம் அது என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

எங்கள் மில்லுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கிடங்கு உண்டு. மில்லில் நூற்கிற நூல் அங்கே போகும். சுற்றுவட்டாரத் தறிக்காரர்கள் அங்கிருந்து வாங்கிப் போவார்கள். கிடங்குக்குப் பொறுப்பு ஒரு அக்கா. நாற்பதைத் தாண்டியவர், கிறிஸ்தவர். கிடங்கின் ஆயுத பூஜைக்குப் பொரிகடலை வாங்குவதும், லாரிக்கு வாழைக்கன்று கட்டச் சொல்வதும் அவர்தான். "பூசைய நீங்க பண்ணுங்க, பொரிய நான் தாரேன்" என்பார். கணக்கில் ஒரு கோன் நூல் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். அவருடைய அப்பா படுத்த படுக்கை. வீடு கிடங்குக்குப் பின் தெரு. மத்தியானம் பன்னிரண்டு அடித்ததும் அக்கா எழுந்து போய், அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்து, சோறு ஊட்டிவிட்டு வருவார். அவர் கையால் ஊட்டினால்தான் பெரியவர் வாயைத் திறப்பார். வேறு யார் ஸ்பூனைக் கொண்டுபோனாலும் பல்லைக் கடித்துக்கொள்வார்.

முதலாளிக்கு இந்தக் கிடங்கு ஒரு தலைவலி. அங்கே என்ன சரக்கு இருக்கிறது என்று அவருக்கு மறுநாள்தான் தெரியும். அக்கா சாயங்காலம் பிளாப்பியில் கணக்கை ஏற்றி டவுன் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். கண்டக்டர் சட்டைப் பையில், வியர்வைக்கும் டிக்கெட் கட்டுக்கும் நடுவே, எங்கள் கம்பெனியின் தகவல் தொழில்நுட்பம் பயணம் செய்துகொண்டிருந்தது. பாதி நாள் பிளாப்பி படிக்காது. ஒரு நாள் முதலாளி பொறுமை இழந்து, கிடங்கையே மில்லுக்குள் கொண்டுவந்துவிடலாம் என்று முடிவெடுத்தார். அக்காவும் ராஜபாளையம் வந்து வேலை பார்க்கட்டும் என்றார். அக்கா வர முடியாது. மத்தியானம் பஸ் ஏறிப் போய் ஊட்டிவிட்டுத் திரும்புவது நடக்கிற காரியமா? வேலையை விடுவதைத் தவிர வழியில்லை. வேலையை விட்டால் மருந்துக்கு எங்கே போவது என்பதும் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை.

நான் திறந்தேன். என் வாய் எப்போதும் மூளையைவிட ஒரு பஸ் முன்னால் போய்விடும். இரண்டு ஊர் கம்ப்யூட்டரையும் இன்டர்நெட் வழியாகவே ஒன்றாக இணைத்துவிடலாம், நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி ரகசியப் பாதை போடலாம், நீங்கள் இந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி அந்தக் கிடங்கைப் பார்க்கலாம் என்று சொன்னேன். அதைப் பற்றி ஒரு பத்திரிகையின் இலவச சி.டி.யில் அரைகுறையாகப் படித்திருந்தேன், அவ்வளவுதான். முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு. கோபம் தமிழில் வரும், சந்தோஷம் தெலுங்கில் வரும். அன்றைக்குத் தமிழில்தான் பேசினார்.

"விஜயதசமி அன்னைக்கு நல்ல நேரத்துல ஓட்டிக் காட்டு. ஓடுச்சுன்னா கிடங்கு அங்கயே இருக்கட்டும். ஓடலைன்னா மறுநாளே லாரி அனுப்பி மூட்டைய ஏத்திருவேன்."

அக்காவிடம் போன் பண்ணிச் சொன்னேன். அவர் முழுசும் கேட்டுக்கொண்டார். பிறகு, "தம்பி, ஒனக்கு இது நெசமாவே தெரியுமா, இல்ல வழக்கம்போல அடிச்சு விட்டுட்டியா?" என்று கேட்டார். தெரியும் என்று சொன்னேன். சொல்லும்போது என் கையில் இருந்த பேனா மூடியைக் கடித்து முழுங்கப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். அந்த ரகசியப் பாதைக்குப் பெயர்தான் சுரங்கம். இரண்டு பக்கமும் ஒரு சின்ன புரோகிராம் ஓட வேண்டும். திரைக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும் இந்த மாதிரி புரோகிராமுக்கு டீமன் என்று பெயர். இந்தப் பக்க டீமன் கணக்கை மூட்டையாகக் கட்டிப் பூட்டி அனுப்பும். அந்தப் பக்க டீமன் பூட்டைத் திறந்து பிரிக்கும். இரண்டு பேருக்கும் ஒரே சாவி. யாருக்கு அனுப்ப வேண்டும், எந்தச் சாவி, எந்தச் சரக்கு சுரங்கத்துக்குள் போக வேண்டும், எது வெளியே போக வேண்டும் என்பதையெல்லாம் ஒரு ஃபைலில் எழுதி வைக்க வேண்டும். ஒரு புள்ளி பிசகினாலும் டீமன் ஓடாது. ஏன் ஓடவில்லை என்றும் சொல்லாது. கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி எழுந்து போய்விடும்.

முதல் நாள் சாவி இருக்கிற ஃபைலை ஊரே படிக்கும்படி திறந்து வைத்திருந்தேன். டீமன் அதைப் பார்த்ததுமே ஓட மறுத்துவிட்டது. அடுத்து, சுரங்கத்துக்குள் எது போக வேண்டும் என்று எழுதும் இடத்தில் எல்லாம் போகட்டும் என்று தாராளமாக எழுதிவிட்டேன். சுரங்கம் தன்னையே சுரங்கத்துக்குள் அனுப்பப் பார்த்தது. கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நின்றது. நான் அதைவிட நன்றாக உறைந்தேன். மில்லே எரிந்துவிட்டது போல எழுந்து ஓடி, மெயின் சுவிட்சை அணைத்து, அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்ட் முழுவதையும் இருட்டாக்கினேன். அங்கே இருந்தவர்கள் என் பரம்பரையைப் பற்றிப் பேசியது சுவர் தாண்டிக் கேட்டது.

ஆனால் மில் கம்ப்யூட்டரையும் கிடங்குக்கு அனுப்ப வைத்திருந்த புதுக் கம்ப்யூட்டரையும் ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் ஒரு கேபிளைப் போட்டுப் பார்த்தபோது ஓடியது. இந்தப் பக்கம் கூப்பிட்டால் அந்தப் பக்கம் பதில் சொன்னது. திரையில் வரிக்கு வரி பதில் இறங்கியதும் நான் நாற்காலியில் ஏறி நின்றேன். அந்த நாற்காலிக்குச் சக்கரம் உண்டு. பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. முட்டியைத் தேய்த்துக்கொண்டே எழுந்து மறுபடி திரையைப் பார்த்தேன். இன்னும் பதில் வந்துகொண்டிருந்தது. வாழ்க்கையில் வலியும் சந்தோஷமும் அப்படி ஒன்றாக எனக்கு வந்ததில்லை, கல்யாணத்தைச் சேர்த்தே சொல்கிறேன்.

மறுநாள் அதில் ஒரு கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். ஒவ்வொரு பள்ளத்திலும் அதைத் தூக்கிப் பிடித்தேன். பக்கத்து சீட்காரர், புள்ளத்தாச்சியைக்கூட யாரும் இம்புட்டுப் பதமாகக் கூட்டிப் போவதில்லை என்றார். கிடங்கில் வைத்து, போன் லைனை மாட்டி, அக்காவுக்கு என்னென்ன அடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். அவர் என்னைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். திரும்பி வந்து மில்லில் உட்கார்ந்து டயல் பண்ணினேன்.

ஓடவில்லை.

இதில் ஒரு கூத்தைச் சொல்ல வேண்டும். இன்டர்நெட்டில் ஒவ்வொரு தடவை டயல் பண்ணும்போதும் கம்ப்யூட்டருக்குப் புதுசாக ஒரு எண் கிடைக்கும். அதுதான் அப்போதைக்கு அதன் விலாசம். நம் விலாசம் அவர்களுக்கும் அவர்கள் விலாசம் நமக்கும் தெரிந்தால்தான் டீமன்கள் ஒன்றையொன்று தேடிப் பிடிக்கும். மில்லில் இரண்டு போன் லைன் உண்டு. கிடங்கில் ஒன்றுதான், அதில் மோடம் உட்கார்ந்திருக்கும். ஆகவே அக்கா தன் எண்ணைச் சீட்டில் எழுதிக்கொண்டு பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி அங்கிருந்து எனக்குப் போன் பண்ணுவார். என் எண்ணை வாங்கிக்கொண்டு திரும்ப ஓடுவார். இந்த அதிவேகத் தகவல் தொடர்பு இப்படி அக்காவின் செருப்பில்தான் ஓடியது. பூத்தை நடத்திய பாய் நல்ல மனுஷர். அக்கா மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு, நீங்கள் அங்கேயே இருங்கள் தங்கச்சி, எண்ணை மட்டும் சொல்லி அனுப்புங்கள், நான் போனில் சொல்லிவிடுகிறேன் என்று சேர்ந்துகொண்டார். அவர் ஒவ்வொரு எண்ணையும் ஏலம் விடுகிற மாதிரி மூன்று தடவை சொல்லுவார். நடுவில் தம்பிக்கு எந்த ஊர், கல்யாணம் ஆகிவிட்டதா என்றும் விசாரிப்பார்.

எண்ணெல்லாம் சரி. சாவி சரி. ஆனாலும் டீமன் ஒவ்வொரு தடவையும் ஒரே பல்லவியைப் பாடியது. டீமன் தன் தினசரிக் குறிப்பை ஒரு ஃபைலில் எழுதிக்கொண்டே போகும். அதற்கு லாக் என்று பெயர். அதில், வந்த மூட்டையில் போட்டிருக்கும் நேரம் சரியில்லை, ஏற்க மாட்டேன் என்று இருந்தது. நான் அதைப் படித்து என்ன புரிந்துகொண்டேன் தெரியுமா? மூட்டை வழியில் தாமதமாகிறது என்று. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிளம்பி, இன்டர்நெட் கம்பெனி இருக்கும் மதுரை போய், அங்கே யாரோ டீ குடிக்கப் போய்விட, தாமதமாக ராஜபாளையம் வந்து சேர்கிறது என்று நினைத்தேன். ரயில்வே கேட் போட்டிருப்பார்களோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பதற்றம் வந்தால் எனக்கு அறிவு இப்படித்தான் வேலை செய்யும். புது மோடம் மாற்றினேன். ஒயரை மாற்றினேன். மேஜையைக் கிழக்குப் பார்க்கத் திருப்பினேன். அதற்கு மேல் மாற்ற என் ஜாதகம்தான் பாக்கி.

இப்படியே ஆயுத பூஜை வந்துவிட்டது. மறுநாள் விஜயதசமி. எங்கள் மில்லில் ஆயுத பூஜை அன்று காலையில் மெஷின்களைத் துடைப்பார்கள், மத்தியானம் பூஜை. பூஜைக்குச் சந்தனம் வைத்துவிட்டால் மறுநாள் நல்ல நேரம் வரை எந்த மெஷினையும் தொடக்கூடாது, கம்ப்யூட்டர் உள்பட. எனக்கு அந்தச் சந்தனக் கிண்ணம் எமனின் கிண்ணமாகத் தெரிந்தது.

பூத்திலிருந்து அக்காவே பேசினார். சாவியின் கடைசி நான்கு எழுத்தை மறுபடி சரிபார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது மில் சங்கு ஊதியது.

"என்ன சத்தம் தம்பி?"

"பன்னெண்டு மணிச் சங்குக்கா."

"பன்னெண்டா? ஐயோ, அப்பாவுக்கு…" என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். "இல்லையே. பாய் கடிகாரத்துல இன்னும் கால் மணி கெடக்கே."

"அது எங்க மில் டயம்க்கா. எப்பவும் கால் மணி கூடத்தான இருக்கும். நீங்க அந்த மூணாவது எழுத்தச் சொல்லுங்க."

அக்கா மூன்றாவது எழுத்தைச் சொன்னார். நான்காவதையும் சொன்னார். நான் ஐந்தாவதைக் கேட்டேன். ஐந்தாவது இல்லை என்று அவர் சொன்னார். அதற்கப்புறம்தான் என் தலைக்குள் ஏதோ ஒன்று மேஜையிலிருந்து விழுந்த டம்ளர் மாதிரி உருண்டது.

மில் டயம் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முதலாளியின் அப்பா காலத்தில், ஆட்கள் தாமதமாக வருகிறார்கள் என்று மில் கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்களாம். முதல் வாரம் எல்லோரும் சீக்கிரம் வந்தார்கள். பிறகு எல்லோரும் கால் மணியைக் கழித்துக்கொண்டு பழையபடி வந்தார்கள். ஆனால் கடிகாரத்தை யாரும் திரும்ப மாற்றவில்லை. முதலாளிக்குத் தெரியும், தொழிலாளிக்குத் தெரியும், ஒருவரை ஒருவர் ஏமாற்றுகிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். நாங்கள் மனசுக்குள் கழித்துக் கழித்து, கழிக்கிறோம் என்பதே மறந்துபோயிற்று. கல்யாணப் பத்திரிகை கொடுக்கிறவர்கள் எங்களிடம் மட்டும் "ஊர் டயம்ங்க" என்று வாயால் சொல்லிவிட்டுப் போவார்கள்.

நான் மில் கம்ப்யூட்டரில் மணி வைத்தது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து. அதாவது மில் டயம். கிடங்குக்குப் போன கம்ப்யூட்டரிலும் அதே மேஜையில் வைத்து அதே மணியைத்தான் வைத்தேன். அதனால்தான் மேஜையில் ஓடியது. கிடங்குக்குப் போனதும் அக்கா அதைத் துடைத்துவிட்டு, மணி தப்பாக இருக்கிறதே என்று ரேடியோவைக் கேட்டுச் சரியாகத் திருத்திவிட்டார். டீமனுக்கோ இரண்டு பக்கமும் மணி ஒத்துப்போக வேண்டும். யாராவது பழைய மூட்டையை ஒளித்து வைத்திருந்து திரும்ப அனுப்பி ஏமாற்றக்கூடாது என்பதற்காக, அரை நிமிஷம் பிசகினாலும் ஏற்காது. நாங்கள் கால் மணி நேரம் பிசகி நின்றுகொண்டு, மதுரையில் இருக்கும் யாரோ ஒருவரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

நான் போனிலேயே கத்திவிட்டேன். பூத் பாய் பயந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று அக்காவிடம் கேட்டது எனக்குக் கேட்டது. அக்காவிடம் விளக்கினேன். கிடங்கு கம்ப்யூட்டரிலும் கால் மணி கூட்டி வைத்துவிடுங்கள், முடிந்தது கதை என்றேன்.

"அதெப்படி வைக்கிறது? லாரி கெளம்புற நேரம் பில்லுல அடிக்குது. கால் மணி கூட அடிச்சு, செக்போஸ்ட்ல, இன்னும் கெளம்பவே இல்லாத லாரி எப்படிய்யா இங்க வந்துச்சுன்னு பிடிச்சு வச்சா நீ வந்து நிப்பியா?"

நியாயம்தான். தேவதானம் பக்கம் போகும் லாரி ஒன்று, தான் கிளம்புவதற்கு முன்பே போய்ச் சேர்ந்த அதிசயத்தை நான் ஒரு கணம் மனசில் ஓட்டிப் பார்த்தேன். அப்பாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வருகிறேன், அதுக்குள்ள ஒன் மணிய நீ திருத்து என்று சொல்லிவிட்டு அக்கா போய்விட்டார்.

முதலாளி கேட்டில் நின்று வாழை மரம் கட்டுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். நான் கம்ப்யூட்டர் மணியைக் கால் மணி குறைக்க அனுமதி கேட்டேன். அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் வாழை இலை கருகியிருக்கும்.

"கேட் பாஸ் அதுல இருந்துதான அடிக்குது? அது எங்க அப்பா வச்ச டயம். ஆளு உள்ள வர்றது மில் டயம், சங்கு ஊதுறது மில் டயம், பாஸ் மட்டும் ஊர் டயமா? நாளைக்கே அம்புட்டுப் பேரும் வந்து நிப்பான், எது கணக்குன்னு. அதெல்லாம் மாத்தக் கூடாது."

அதுவும் நியாயம்தான். ஒரே நாளில் இரண்டு நியாயத்தை என்னால் தாங்க முடியவில்லை. அறைக்கு ஓடினேன். மேஜைமேல் செம்பில் தண்ணீர் இருந்தது, எடுத்து அண்ணாந்து முழுசும் குடித்தேன். பிறகுதான் தெரிந்தது, அது பூஜைக்கு மாவிலையும் தேங்காயும் வைப்பதற்காக நிறைத்து வைத்த செம்பு. அக்கவுன்ட்ஸ்காரர் ஒருவர் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒன் தலையில வைக்கவா?" என்று மட்டும் கேட்டார்.

உட்கார்ந்து யோசித்தேன். யோசித்தேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கையேட்டின் பக்கங்களை விசிறி மாதிரி தள்ளிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு இடத்தில் கை நின்றது. கம்ப்யூட்டர் தனக்குள் ஒரே ஒரு மணியைத்தான் வைத்துக்கொள்கிறதாம், உலகத்துக்கே பொதுவான மணி. வெளியே காட்டும்போது மட்டும், எந்த ஊர் என்று சொல்கிறோமோ அந்த ஊருக்குத் தக்கபடி கூட்டியோ குறைத்தோ காட்டுமாம். டீமன் பார்ப்பது உள்ளே இருக்கிற மணியை. கேட் பாஸ் அடிப்பது வெளியே காட்டுகிற மணியை.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. உள்ளே சரியான மணியை வைத்துவிட்டு, வெளியே நம்மைவிடக் கால் மணி முன்னால் இருக்கிற ஏதாவது ஒரு ஊரைக் காட்டினால் போதும். அப்படி ஒரு ஊர் உலகத்தில் இருக்க வேண்டுமே. ஆசியாவின் ஊர்ப் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். காபூல் போட்டேன், ஒரு மணி நேரம் பின்னால் போனது. கராச்சி போட்டேன், அரை மணி பின்னால். ரங்கூன் ஒரு மணி நேரம் முன்னால் ஓடிவிட்டது. விட்டேனா? காட்மாண்டு போட்டேன்.

சரியாகக் கால் மணி முன்னால்.

நான் மறுபடி நாற்காலியில் ஏறவில்லை. அந்த அளவுக்குப் புத்தி வந்திருந்தது. அறையைச் சுற்றி ஓடினேன். முதலாளியின் அப்பா கடிகார முள்ளை விரலால் தள்ளியபோது, தனக்கே தெரியாமல் மொத்த மில்லையும் நேபாளத்துக்கு அனுப்பிவிட்டார். இத்தனை வருஷமாக நாங்கள் ராஜபாளையத்தில் தூங்கி, காட்மாண்டுவில் வேலை பார்த்திருக்கிறோம்.

முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். மில் டயத்தில் ஒரு நிமிஷம்கூட மாறாது, ஆனால் கம்ப்யூட்டரில் நேபாளம் என்று போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னையும் வாழை மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "பாஸ்ல நேபாளம்னு அடிக்குமா?" என்றார். அடிக்காது என்றேன். "சங்கு மாறுமா?" மாறாது என்றேன். "பொறவு எங்க வேணா போட்டுக்க" என்று சொல்லிவிட்டு வாழை மரம் சாய்வதைப் பார்த்துக் கத்த ஆரம்பித்துவிட்டார்.

அக்கா திரும்பி வந்து கிடங்குப் போனிலிருந்தே கூப்பிட்டார். மோடத்தைக் கழற்றி வைத்திருந்தார். இரண்டு பேரும் ஒரே மணியை அடித்து வைத்துக்கொண்டு, நான் உம் என்றதும் இரண்டு பக்கமும் என்டரைத் தட்ட வேண்டும் என்று ஏற்பாடு. முதல் தடவை நான் உம் என்று சொல்லிவிட்டு, பரபரப்பில் என்டரைத் தட்ட மறந்துவிட்டேன். இரண்டாவது தடவை அக்காவே உம் என்றார்.

இனி டயல் பண்ணிப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. மோடத்தில் கையை வைத்தேன். அதற்குள் சந்தனக் கிண்ணம் உள்ளே வந்துவிட்டது. மில்லில் எல்லா மெஷினும் நின்றுவிட்டது, இது மட்டும் ஓடலாமா என்று என்னைத் தள்ளிவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்து, மோடத்துக்கு மூன்று கோடு சந்தனமும் நடுவில் குங்குமமும் வைத்தார்கள். மோடம் பார்க்கப் பழனியிலிருந்து வந்த மாதிரி இருந்தது. ஓடுமா ஓடாதா என்று தெரியாமலே நான் பொரி வாங்கித் தின்றேன். அடுத்தவர்கள் பங்கையும் சேர்த்துத் தின்றேன் என்று பிறகு சொன்னார்கள்.

விஜயதசமி காலையில் முதலாளி வெள்ளை வேட்டியில் வந்தார். நல்ல நேரம் எந்த டயப்படி என்று யாரோ கேட்டு வைத்தார்கள். அறையில் ஒரு சின்ன சர்ச்சை நடந்தது. பஞ்சாங்கம் எழுதினவருக்கு நம்ம மில் தெரியாது, அதனால் ஊர் டயம்தான் என்று முதலாளியே தீர்ப்புச் சொன்னார்.

டயல் பண்ணினேன். மோடம் கீச்சிட்டது. சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. எண் கிடைத்தது. இன்னொரு லைனில் பூத் பாய். அவர் கிடங்கின் எண்ணை ஏலம் விட்டார், நான் ஃபைலில் எழுதினேன். என் எண்ணை அவர் வாங்கி அக்காவிடம் கொடுக்க ஓடினார். போனைக் கீழே வைக்காமலே ஓடியதால் அவர் செருப்புச் சத்தம் தேய்ந்து தேய்ந்து போவதைக் கேட்டபடி நின்றேன். பிறகு டீமனை ஓட்டினேன். அவசரத்தில் அதன் பெயரையே தப்பாக அடித்து, மறுபடி அடித்தேன்.

லாக் ஃபைலில் ஒரு வரி வந்தது. நேரம் சரியில்லை என்ற வரி இல்லை. சாவி ஒத்துப்போகிறது என்று ஒரு வரி. அந்தப் பக்கத்தைக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இன்னும் ஒன்றும் இல்லை. அப்புறம் பதில் வந்தது. ஒன்று. அடுத்தது. அடுத்தது. பக்கத்தில் நின்ற அக்கவுன்ட்ஸ்காரரின் கையைப் பிடித்து உலுக்கினேன். அவர் கையில் இருந்த காபி அவர் வேட்டிக்குப் போனது. நேற்றுத் தேங்காயோடு நின்ற அதே மனுஷர்.

கிடங்கின் சரக்குக் கணக்கைத் திறந்தேன். ராஜபாளையத்து நாற்காலியில் இருந்தபடி ஸ்ரீவில்லிபுத்தூர்க் கிடங்கு திரையில் வந்து நின்றது. முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். நாப்பதாம் நம்பர் நூல் எத்தனை மூட்டை என்று பார்க்கச் சொன்னார். காட்டினேன். இது நேற்றைய கணக்கை நீ முன்னமே ஏற்றி வைத்தது இல்லை என்று எப்படி நம்புவது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், திரையில் அந்த எண் தானாகக் குறைந்தது. யாரும் கீபோர்டைத் தொடவில்லை. செத்த நேரத்தில் இன்னொரு தடவை குறைந்தது. அங்கே விஜயதசமிக்கு முதல் சரக்கு எடுக்க வந்த கூமாப்பட்டித் தறிக்காரருக்கு அக்கா மூட்டை போட்டுக்கொண்டிருந்தார். மூட்டை அங்கே லாரியில் ஏற, எண் இங்கே எங்கள் கண்முன்னே இறங்கியது.

முதலாளி தெலுங்கில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. தெலுங்கு என்பது மட்டும் போதுமாக இருந்தது.

அவர் அங்கிருந்து நகரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, எண் மாறும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டினார். சுண்டல் வந்தது, திரையைப் பார்த்தபடியே சாப்பிட்டார். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம், சுரங்கத்தின் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று அவரே விளக்கினார். பாதி தப்பு. நான் திருத்தவில்லை.

மத்தியானம் எண் நின்றுவிட்டது. மாறவே இல்லை. முதலாளி திரையைத் தட்டிப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார். எனக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. அந்தப் பக்கத்தைக் கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் வரிசையாக வந்தது. டீமன் ஓடிக்கொண்டிருந்தது, லைன் நன்றாக இருந்தது, மணியும் ஒத்துப்போயிருந்தது. சுவரைப் பார்த்துக் கால் மணியைக் கழித்தேன்.

"லைன் கட்டாயிருச்சா?" என்றார் முதலாளி.

"இல்லங்கய்யா. அக்கா அப்பாவுக்குச் சோறு குடுக்கப் போயிருக்காக."

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"சரி. மெதுவா வரட்டும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நாளைக்கு லாரி வேணாம்னு சொல்லிரு."

நான் சொல்ல ஓடவில்லை. அந்த நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றேன். இரண்டு பேரும் நகராத ஒரு எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சுண்டல் தட்டில் ஈ மொய்க்க ஆரம்பித்திருந்தது. பிறகு அந்த எண் ஒன்று குறைந்தது.